நகர மறுத்த எலக்ட்ரான்களும் கன்னியப்பன் கையும்

ஸ்டெல்லா,

'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதிவிட்டு உடனே அடித்துவிட்டேன். நீ இன்னும் இந்த ஊரை விட்டே கிளம்பவில்லை. பாதிரியாரிடம் சொல்லிக்கொண்டு வர நீயும் உன் அப்பாவும் கோயிலுக்குப் போயிருக்கிறீர்கள். ராயபுரத்து வெயில் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து உலைமூடியின் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை மீனம்பாக்கத்தில் நின்றுகொண்டு உன்னிடம் எதையும் பேச என்னால் முடியாது. உன் அப்பா பாஸ்போர்ட் எங்கே, சுவெட்டர் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் வாயைத் திறந்தால் அழுவேன். அதனால்தான் எழுதுகிறேன். விமானத்திலேயே படித்தாலும் சரி, போய்ச் சேர்ந்த பிறகு ஏன்தான் வந்தோம் என்று தோன்றுகிற ஒரு நாளில் எடுத்துப் படித்தாலும் சரி.

பொண்ணு என்ன படிக்கப் போகிறாள் என்று தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். உன் அப்பா துறைமுகத்து ஆபீசில், "கரண்ட்டு வீணாகாம பண்ணப் போறா" என்று சொல்லி வைத்திருக்கிறார். அங்கே பாதிப் பேர், நீ மின்சார வாரியத்தில் பெரிய உத்தியோகத்துக்குப் போவதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. மின்சாரத்தை விட வேண்டிய சில பொருள்கள் ஏன் விடாமல் முரண்டு பிடிக்கின்றன என்று பார்க்கப் போகிறாள் என்று சொல்கிறேன். கேட்டவர்கள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மாப்பிள்ளை பார்த்தாச்சா என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. முதல் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்ததே நீயும் காத்திவாக்கத்துக் கன்னியப்பனும் அவர் மனைவி தனலட்சுமியும் பட்ட பாட்டினால்தான். நீ அங்கே போய்ப் பெரிய பெரிய அறிவாளிகளுக்கு நடுவில் உட்காரும்போது இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியலாம். அப்படித் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதி உன் கையில் கொடுக்கிறேன்.

நான் திருவொற்றியூரில் அந்த ஆக்சிஜன் கம்பெனியின் டிஸ்பென்சரிக்கு நர்ஸாகப் போனபோது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். காற்றை உள்ளே இழுத்து, அது தண்ணீர் போலத் திரவமாகும் வரை குளிரவைத்து, ஆக்சிஜனைத் தனியே பிரித்து ஆஸ்பத்திரிகளுக்கும் வெல்டிங் பட்டறைகளுக்கும் சிலிண்டரில் அனுப்புவார்கள். மிச்சத்தில் நைட்ரஜன். அதையும் திரவமாக எடுப்பார்கள், ஆனால் கேட்டு வருகிறவர்கள் குறைவு. கம்பெனியில் எல்லோருக்கும் அது வெறும் 'லிக்விட்'. அதைப் பிடித்துக் கொடுக்கிற வேலையில் இருந்த கன்னியப்பன் மட்டும் 'நம்ம தண்ணி' என்பார். ஆயுத பூஜைக்கு வீட்டுக்காரர்களை உள்ளே விட்ட அன்று, அவர் அதைக் கொஞ்சம் தரையில் ஊற்றிக் காட்டியதும் அது முத்து முத்தாக உருண்டு ஓடி மறைந்ததும் உனக்கு நினைவிருக்கும். நீ கைதட்டினாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம்தான் ஒருவர் கால் செருப்புக்குள் அது இறங்கி, தோல் மெழுகு போல வெளுத்துப்போனதை நான் பார்த்திருந்தேன். நெருப்புச் சுட்டால் உடனே தெரியும். இது சுடும்போது வலிக்காது. மரத்துப்போன இடத்தில் உயிர் திரும்பும்போதுதான் மனுஷன் கத்துவான்.

பிறகு நீ எம்.எஸ்சி. முடித்து, ஆராய்ச்சி என்று அந்தக் கல்லூரியிலேயே தங்கினாய். ஒரு நாள் வந்து, "அம்மா, உங்க கம்பெனி லிக்விட் எனக்கு வேணும்" என்றாய். எனக்கு அந்த வெளுத்துப்போன கால்தான் நினைவுக்கு வந்தது. கல்லூரி கடிதம் கொடுத்தது, கம்பெனி வாரத்துக்கு ஒரு நாள் தருவதாக ஒப்புக்கொண்டது. வெள்ளி பூசிய கண்ணாடிக் குடுவையைக் கூடையில் வைத்து, சுற்றிலும் பஞ்சு அடைத்து, திருவொற்றியூரில் ரயில் ஏறுவாய். வேலை முடிகிற நேரமாக இருந்தால் நானும் உன்னோடு வருவேன். வாய் மூடாத குடுவையிலிருந்து வெள்ளையாக ஆவி வழிந்துகொண்டே வரும். ஒருமுறை மீன்கூடைக்காரம்மா ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமா அது, கூடையில பொகை வந்துகினு கீது? பத்திக்கப் போவுது."

"பத்தாதுக்கா. நெருப்பு இல்ல, ஐஸை விட ஜில்லு."

"ஐஸ விடவா? அப்ப எம் மீனு மேல கொஞ்சம் ஊத்தேன். யானைக்கவுனி போற வரிக்கும் தாங்கும்."

"ஊத்தினா மீன் கல்லாயிடும். கீழ போட்டா ஒடஞ்சுடும்."

அவள் உன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நீ சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

உன் வேலை எனக்கு அப்போது புரியாது. வனேடியம் ஆக்சைடு என்று ஒரு கறுப்புப் பொடி. அதை மாத்திரை போல வில்லையாக அழுத்தி, சூளையில் சுட்டு, மெல்லிய கம்பிகளை ஒட்டி, குளிரவைத்து, மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்ப்பாய். உலோகத்தைக் குளிரவைத்தால் தடை குறைந்துகொண்டே போகும் என்பது உன் பேராசிரியர் ஆயுள் முழுவதும் சொல்லிக்கொடுத்த பாடம். உன் வில்லையும் முதலில் அப்படித்தான் நடந்துகொள்ளும். அப்புறம் ஒரு இடத்தில், சொல்லாமல் கொள்ளாமல், தடை லட்சக்கணக்கான மடங்கு எகிறிவிடும். கதவைச் சாத்தியது போல மின்சாரம் நின்றுவிடும். பேராசிரியரிடம் ஓடிப்போய்க் காட்டினாய். அவர் நல்ல மனிதர். கேலி எதுவும் செய்யவில்லை.

"கம்பி விட்டுப்போச்சும்மா. குளிர்ல வில்லை விரிசல் விடுது. இதுல வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

"திரும்பச் சூடாக்கினா பழையபடி ஆயிடுது சார்."

"விரிசல் மூடிக்கும். அவ்வளவுதான்."

அவர் சொன்னதும் பொய் இல்லை. வில்லைகள் உடையத்தான் செய்தன, நீயே எத்தனையோ உடைந்த துண்டுகளைத் தீப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாய். வெளிநாட்டில் சிலர் இதே எகிறலைப் பார்த்திருக்கிறார்கள் என்று நூலகத்தில் கண்டுபிடித்து எடுத்துப்போனாய். அவர்கள் கம்பியும் விட்டுப்போயிருக்கும் என்றார் அவர். அந்தப் பருவம் முடிவதற்குள் சரியாக ஒன்றைக் காட்டு, இல்லாவிட்டால் வேறு தலைப்பு எடுத்துக்கொள் என்றும் சொல்லிவிட்டார். உன் அப்பாவுக்கு இது தெரிந்ததும், கான்வென்ட்டில் டீச்சர் வேலை காலியாக இருக்கிறது, மதர் கேட்டார்கள் என்று ஆரம்பித்தார். நீ சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாய். கடைசியில், "கம்பி விட்டுப்போகலப்பா. எனக்குத் தெரியும். ஆனா தெரியும்னு சொன்னா பத்தாது" என்றாய். கோபமே இல்லாமல் நீ அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

உனக்கு ஒரு வழி தோன்றியது. பொடியில் கொஞ்சம் டைட்டானியம் கலந்து இன்னொரு வில்லை செய்வது. அதே பசை, அதே கம்பி, அதே குளிர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்பக் குளிரவைத்துச் சூடாக்க வேண்டும். கலப்பு வில்லையில் எகிறல் வராமல், கலக்காததில் மட்டும் ஒவ்வொரு முறையும் வந்தால், குற்றம் கம்பியின் மேல் இல்லை. அதற்கு லிக்விட் நிறைய வேண்டும். வாரத்துக்கு ஒரு குடுவை போதவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் கணக்கில் இல்லாத குடுவையோடு நீ கம்பெனிக்கு வந்தாய். கன்னியப்பனிடம் கேட்டாய். "ஒரு தபா தானே, குடு பாப்பா" என்று வாங்கினார். அவரிடம் தோல் கையுறை இல்லை, அன்று அங்கே யாரிடமும் இல்லை. வழக்கம்போலத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு குடுவையின் கழுத்தைப் பிடித்தார். பாதி நிறைந்தபோது கண்ணாடி வெடித்தது. அத்தனை திரவமும் துண்டில் இறங்கியது.

நீ டிஸ்பென்சரிக்கு ஓடிவந்தபோது உன் முகத்தைப் பார்த்ததும் அடிபட்டது உனக்குத்தான் என்று நினைத்தேன். துண்டு அவர் கையோடு பலகையாக இறுகியிருந்தது. பிடித்து இழுத்தால் தோலும் கூடவே வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையைத் துண்டோடு வைத்து, இளகிய பிறகு மெதுவாகப் பிரித்தேன். அதுவரை அவர் என்னிடம், "ஒண்ணியும் இல்ல நர்சம்மா, மரத்துப்போய் கீது, அவ்ளோதான்" என்று சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. நீ அவருடைய மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டாய். கம்பெனி வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கை தங்கியது, இரண்டு விரல்கள் மடங்காமல் நின்றுவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் கழிமுகத்தில் இறாலுக்கு வலை வீசுவது அவருக்குச் சம்பாத்தியம் மட்டுமல்ல, அதுதான் அவருடைய சந்தோஷம். அந்த வலையை அவரால் மறுபடி பிடிக்க முடியவில்லை.

விசாரணை வைத்தார்கள். அனுமதியில்லாமல் தன்னிஷ்டத்துக்குச் சரக்கைப் பிடித்தால் வேலையை விட்டே அனுப்பலாம். கட்டுப் போட்ட கையோடு கன்னியப்பன் மேனேஜர் முன்னால் நின்று, "சும்மா புடிச்சுப் பாத்தேன் சார். யாரும் கேக்கல" என்றார். முதலுதவி செய்தவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். உண்மையைச் சொன்னால் உன் படிப்பு நிற்கும், என் வேலையும் ஆடும். சொல்லாவிட்டால் அந்த மனிதர் தன் கையோடு தன் வேலையையும் இழப்பார். சொல்லிவிடுவது என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு வாயைத் திறந்தபோது, யாரும் கூப்பிடாமலே நீ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாய்.

"நான்தான் சார் கேட்டேன். அவர் எனக்காகத்தான் பிடிச்சார். குடுவையும் என்னுது."

"நீ சொல்றது என்னன்னு புரிஞ்சுதான் சொல்றியா? இனிமே ஒரு சொட்டு கிடைக்காது."

"புரியுது சார்."

"உங்க அம்மாவும் இங்கதான் வேலை பார்க்கறாங்க."

"அதுவும் தெரியும் சார்."

மேனேஜர் வெகுநேரம் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கன்னியப்பனுக்கு வேலை போகவில்லை. கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. உனக்கு லிக்விட் நின்றது. வீட்டுக்கு வரும் வழியில், லிக்விட் நின்றதுகூட நல்லதுதான் என்று நான் நினைத்ததை உன்னிடம் சொல்லவில்லை. ஆனால் நீ பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதபோது, அது படிப்புக்காக இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே காத்திவாக்கத்துக்குப் போக வேண்டும் என்றாய். நானும் வந்தேன். கட்டுமரங்கள் ஏற்றி வைத்திருந்த மணல்மேட்டுக்குப் பின்னால் அவர்கள் வீடு. தனலட்சுமி வாசலிலேயே நம்மை நிறுத்தினாள். உன்னைப் பார்க்கவே இல்லை, என்னிடம்தான் பேசினாள். "உம் பொண்ணு படிக்கிறதுக்கு எம் புருசன் கைதான் கெடச்சுதா நர்சம்மா? ஊர்ல வேற கையே இல்லியா?" நான் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தேன். நீ என் கையை அழுத்தி நிறுத்தினாய். அன்று வாசலோடு திரும்பினோம். அதற்கப்புறமும் நீ போனாய். கட்டு மாற்றும் சாக்கில் நானும் கூடவே வருவேன். தனலட்சுமி சில நாள் பேசுவாள், சில நாள் பேசமாட்டாள். ஒரு நாள் உன்னைத் தண்ணீர் எடுத்து வரச் சொன்னாள். இன்னொரு நாள், "குந்து, நிக்காத" என்று முறத்தை நகர்த்தி இடம் கொடுத்தாள். அன்றுதான் கன்னியப்பன் உன்னிடம் அதைக் கேட்டார்.

"பாப்பா, இத்தினி நாளா கேக்கணும்னு நெனச்சுகினே கீறேன். நம்ம தண்ணிய எட்த்துனு போயி இன்னாதான் பண்றே?"

என்னைப் பார்த்தாய். பிறகு சொல்லத் தொடங்கினாய். எனக்கும் முதல்முறையாகப் புரிந்தது அன்றுதான் என்பதால் அந்தப் பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அண்ணே, நீங்க படுத்திருந்தீங்களே, அந்த வார்டை நெனச்சுக்குங்க. ஒரு கட்டிலுக்கு ஒரு ஆளு. கட்டில் பெருசுதான், ரெண்டு பேர் படுக்கலாம். ஆனா ஒருத்தருக்கு ஒருத்தர் ஆவாது. பக்கத்துல வந்தாலே சண்டை. அதனால அவங்கவங்க கட்டில்லயே கெடக்கறாங்க. எடம் இருந்தும் யாரும் நகர முடியல. மின்சாரம்னா எலக்ட்ரான் நகர்றது. இந்தக் கறுப்பு வில்லைய ஒரு அளவுக்கு மேல குளிர வச்சா, அதுக்குள்ள இருக்கிற எலக்ட்ரான் எல்லாம் இப்படித்தான் மாட்டிக்குது. எங்க சாருக்கு அது கம்பி விட்டுப்போனதுன்னு நெனப்பு. நான் சொல்றது, எலக்ட்ரானுங்க ஒண்ண ஒண்ணு தள்ளுறதுதான் காரணம்னு. டைட்டானியம் கலந்தா நடுநடுவுல சில கட்டில் காலியாவுது. காலியான கட்டிலுக்கு ஒருத்தர் போனா, அவரு கட்டிலுக்கு இன்னொருத்தர். மறுபடி எல்லாம் நகரும்."

தனலட்சுமி இறாலை உரித்துக்கொண்டே கேட்டாள். "சரி. அத்த தெரிஞ்சுகினா இன்னா லாபம்?"

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லக்கா."

ஏதாவது நல்லதாகச் சொல்லக் கூடாதா என்று நினைத்தேன். நீ தொடர்ந்தாய்.

"சில உலோகம் இருக்கு. ரொம்ப ரொம்பக் குளிர்ல அதுல மின்சாரத்தை ஒருதரம் ஓட விட்டா நிக்கவே நிக்காது. கொஞ்சம்கூடச் சூடாகி வீணாவாது. எலக்ட்ரான் ஜோடி ஜோடியா சேர்ந்து போறதுனால அப்படி. ஆனா அந்தக் குளிர் உங்க லிக்விடால ஆவாது. ஹீலியம்னு ஒண்ணு வேணும், அது நமக்குக் கெடைக்காது. எலக்ட்ரானுங்களுக்குள்ள தள்ளுமுள்ளு எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லா ஜோடி சேரும்னுதான் பெரியவங்க எல்லாம் சொல்றாங்க. உலோகத்துக்குள்ள இருக்கிற அதிர்வுதான் அதுங்கள சேத்து வைக்குதாம். எனக்கு என்னமோ வேற மாதிரி தோணுது. தள்ளுமுள்ளு ஜாஸ்தியா இருக்கிற பொருள்லயே, கொஞ்சம் கட்டில் காலியாச்சுன்னா, அந்தத் தள்ளுமுள்ளே ஜோடி சேத்து வைக்குமோன்னு. அப்படிச் சேந்தா கெட்டியா சேரும். அவ்வளவு குளிர் தேவைப்படாது."

"நம்ம தண்ணியே போதுமா?" என்றார் கன்னியப்பன்.

"போதலாம்ணே. தெரியல. நான் நெனக்கிறதே தப்பாவும் இருக்கலாம். என்னைத் தவிர யாரும் இங்க அப்படி நெனக்கல."

வெளியே யாரோ வலையை உதறும் சத்தம் கேட்டது. தனலட்சுமி கையைக் கழுவிக்கொண்டு வந்து உன் எதிரில் உட்கார்ந்தாள்.

"டாக்டரு சொன்னாரு, வெரலு சரியாப்பூடும்னு. மேனேஜரு சொன்னாரு, எல்லாம் பாத்துக்கலாம்னு. உங்க அம்மா கூட சொல்லிச்சு, கவலப்படாதன்னு. தெரியாதுன்னு எங்கைல சொன்னது நீ ஒருத்திதான்."

அன்று உனக்கு அவள் சோறு போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நர்ஸாக இத்தனை வருஷம் எத்தனை பேரிடம் கவலைப்படாதே என்று சொல்லியிருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் கன்னியப்பன் கேட்டிலிருந்து எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார். என்ன பேசினார் என்பது மேனேஜர் பிற்பாடு என்னிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "சார், கை போனது போச்சு. அந்தப் பொண்ணு வேல நட்டநடுவுல நின்னுபோச்சுன்னா, இன்னாத்துக்குப் போச்சுன்னு எனக்கே தெரியாம பூடும்" என்றாராம். மேனேஜர் அவரை உட்காரச் சொன்னாராம். மறுபடி உனக்கு லிக்விட் தரக் கம்பெனி ஒப்புக்கொண்டது, ஆனால் கண்ணாடிக் குடுவை கூடாது, உலோகக் கேன்தான் என்றது. கல்லூரியின் கடிதம் வேண்டும், கணக்கில் எழுதித்தான் பிடிக்க வேண்டும். பிடிக்கிறவருக்குத் தோல் கையுறை வாங்கினார்கள். அப்புறம் அந்தப் பிரிவில் எல்லோருக்குமே வந்தது. உன் ஆராய்ச்சியினால் இதுவரை உலகத்துக்கு ஆன பிரயோசனம் எது என்று யாராவது கேட்டால் அந்தக் கையுறைகளைச் சொல்.

உன் பேராசிரியருக்குக் காட்டிய நாள் கன்னியப்பனையும் தனலட்சுமியையும் அழைத்து வரச் சொன்னாய். தனலட்சுமி கல்லூரி வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அவளைப் பார்த்து நானும் கழற்றினேன். கன்னியப்பன் கையுறையை மாட்டிக்கொண்டு, தான்தான் ஊற்றுவேன் என்று இடது கையால் கேனைச் சாய்த்தார். ஒரே குளிருக்குள் இரண்டு வில்லைகள், அவற்றில் ஓடும் மின்சாரத்தைக் காட்ட இரண்டு மீட்டர்கள். வில்லைகள் குளிர்ந்துகொண்டே வந்தன. திடீரென்று கலக்காத வில்லையின் மீட்டரில் முள் விழுந்து அடியில் படுத்துக்கொண்டது. மற்றது அசையவில்லை. பேராசிரியர் முன்னால் வந்து தானே சூடாக்கினார். விழுந்த முள் எழுந்தது. மறுபடி குளிரவைத்தார், மறுபடி விழுந்தது. கம்பிகளை ஒன்றிலிருந்து கழற்றி மற்றதில் மாற்றி ஒட்டச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டையே மறந்து அவர் அதையே செய்துகொண்டிருந்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கம்பி இல்லம்மா. நான் சொன்னது தப்பு" என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார், அதற்காக அவரை எப்போதும் மரியாதையாக நினைத்துக்கொள்.

தனலட்சுமி மீட்டரை எட்டிப் பார்த்தாள். "இவ்ளோதானா?"

"இவ்ளோதான்கா."

"முள்ளு வுழுது, எய்ந்துக்குது."

"ஆமா."

அவள் கன்னியப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அந்த முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு தபா காட்டு பாப்பா" என்றார். நீ காட்டினாய்.

அதற்கு மேல் தெரிய வேண்டியது ஹீலியம் குளிரில்தான் தெரியும், அது இங்கே நடக்காது என்று உன் பேராசிரியர்தான் வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டார். உனக்கு இடம் கிடைத்தது. உன் அப்பா இன்னும் கான்வென்ட் வேலையை முழுதாக மறக்கவில்லை. ஆனால் உனக்குப் பெட்டி வாங்க அவர்தான் கடை கடையாக அலைந்தார்.

அங்கே உன்னைவிடப் புத்திசாலிகள் இருப்பார்கள். எலக்ட்ரான்களுக்குள் இருக்கும் தள்ளுமுள்ளு இடைஞ்சல்தான், அதிலிருந்து எதுவும் பிறக்காது என்று கணக்குப் போட்டே காட்டுவார்கள். அவர்கள் சொல்வதே சரியாகவும் இருக்கலாம். அப்போது பிடிவாதம் பிடிக்காதே, பணிந்தும் போகாதே. அதே பசை, அதே கம்பி, அதே குளிர் என்று நீ செய்தாயே, அதைச் செய். பதில் உன் பக்கம் வராவிட்டால் வரவில்லை என்று சொல்லிவிடு. தெரியாது என்று சொல்வதற்கு உனக்குப் பயமில்லை என்பதைக் காத்திவாக்கத்தில் என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பயமின்மை உன்னிடம் இருக்கும்வரை உன்னைப் பற்றி எனக்குப் பயமில்லை. குளிரைப் பற்றி மட்டும் பயம் இருக்கிறது. கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. அவசரத்தில் யாரையும் தொடச் சொல்லவும் சொல்லாதே.

இன்று காலையில் தனலட்சுமி வந்திருந்தாள். நீ குளித்துக்கொண்டிருந்தாய், பார்க்காமலே போய்விட்டாள். உனக்காகச் சென்னாக்குனிக் கருவாட்டை வறுத்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அது பெட்டியின் அடியில் இருக்கிறது, பக்கத்தில் இருப்பவர்களுக்கு வாசனை பிடிக்காவிட்டால் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடு. கிளம்பும்போது அவள் என்னிடம், "அந்த வேல எப்ப முடியும் நர்சம்மா?" என்று கேட்டாள். கவலைப்படாதே, சீக்கிரம் முடியும் என்று நாக்கு நுனி வரை வந்தது. "தெரியாது தனம்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஆகவே ஸ்டெல்லா, அங்கே போய் நீ எழுதும் முதல் கடிதத்தை எங்களுக்கு எழுதாதே. நாங்கள் காத்திருப்போம். அதைக் காத்திவாக்கத்துக்கு எழுது. அவர்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாது, நான் ஞாயிற்றுக்கிழமை போய்ப் படித்துக் காட்டுகிறேன். முள் விழுந்தால் விழுந்தது என்று எழுது. ஒன்றும் நடக்கவில்லை என்றால், ஒன்றும் நடக்கவில்லை என்று எழுது. கன்னியப்பன் அதையும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்பார்.

உன் அம்மா